பதினோராவது பாதி

கொம்பையா ஆசாரிக்கு வயது முப்பதைத் தாண்டியிருக்காது. அவரிடம் கத்தி செய்யக் கற்றுக்கொள்ள வந்த மரியபுஷ்பமோ அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவள். மீன் சந்தையில் சீலா மீன் அறுக்கிறவள். குரு சிஷ்யையை "அக்கா" என்பார். சிஷ்யை குருவைத் "தம்பி" என்பாள். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

பட்டறை உத்திரத்தில் வரிசையாக ஆணி அடித்துப் பத்துக் கத்திகள் தொங்கின. பத்தும் நடுவில் ஒடிந்த பாதிகள்.

"இது என்ன தம்பி, கண்ணேறுக்குக் கட்டினதா?" என்று முதல் நாளே கேட்டாள்.

"இங்க படிச்சவங்களோட முதல் கத்திக்கா. செஞ்சு முடிச்சதும் அவங்க கையாலேயே உடைப்பாங்க."

"உடைக்கவா? எதுக்கு?"

"உள்ள பாக்க."

"அந்த ஓரத்துல துருப்பிடிச்சுத் தொங்குதே, அது யாருது?"

"என்னுது."

அவள் அன்றைக்கே மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுவிட்டாள்.

நான்கு மாதம் ஓடியது. உள்ளங்கையில் காய்ப்புக் காய்த்தது. புருவத்தில் பாதி பொசுங்கிப் போனது. சந்தையில் பக்கத்துப் பலகைக்காரி பிலோமி சும்மா இருப்பாளா?

"ஏட்டி புஷ்பம், மீனை அறுக்கச் சொன்னா நீயே வெந்து வந்து நிக்கே! இன்னும் எத்தனை நாளைக்கு உலையில மொகத்த வைக்கப் போற?"

"வர்ற ஞாயித்துக்கிழமை நான் அடிச்ச கத்தியிலதான் சீலா அறுப்பேன். முன்னால வந்து நின்னு பாரு."

சொன்னது சந்தை முழுக்கக் கேட்டுவிட்டது.

சனிக்கிழமை காலை. உலை கனன்றுகொண்டிருந்தது. மரியபுஷ்பம் ஒரு துணிப்பையோடு வந்தாள். அதிலிருந்து ஒரு கத்தியை எடுத்து, வைஸ் இடுக்கியில் இறுக்கி, சுத்தியலைத் தூக்கி ஓங்கி ஒன்று போட்டாள். ஒரே அடி. படக்கென்று ஒடிந்தது.

கொம்பையா ஒடிந்த பாதியை எடுத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒடிந்த வாய் பளபளவென்று மின்னியது.

"கல் உப்பு மாதிரி இருக்குக்கா. தீயில போட்டுட்டு மறந்துட்டீங்க, அளவுக்கு மேல பழுத்திருக்கு."

"ஆமா. யாரோ வந்தாங்க, பேசிக்கிட்டு நின்னுட்டேன்."

"சரி" என்று அவர் ஓர் ஆணியை எடுத்தார். உத்திரத்தில் பதினோராவது இடத்தில் வைத்து அடிக்கப் போனார்.

மரியபுஷ்பம் சட்டென்று அவர் கையைப் பிடித்தாள். இனி யார் வந்து கேட்டாலும், அந்த உப்புக்கல்லைக் காட்டி, 'இது புஷ்பம் அக்காவோடது' என்பாரே!

"இரு தம்பி. அது என் கத்தி இல்ல."

"பின்ன யார் அடிச்சது?"

"அடிச்சது நான்தான். எப்படியும் உடையப் போறதுதானே, எதுக்கு மெனக்கெடணும்னு அரை நாள்ல அடிச்சேன்." பைக்குள் கைவிட்டு இன்னொன்றை எடுத்தாள். "இதுதான் என் கத்தி. ஒன்பது நாள் உக்காந்து செஞ்சேன்."

அவர் வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் வெட்டுவாயைத் தடவினார். நகத்தால் ஒரு சுண்டு சுண்டிக் காதருகே வைத்துக் கேட்டார். அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல கத்திதானே தம்பி?"

"வெளியில நல்லாத்தான் இருக்கு. முன்ன உடைஞ்சதும் வெளியில நல்லாத்தானே இருந்துச்சு?"

"உடைக்காமச் சொல்ல முடியாதா?"

"நான் எப்படிக்கா சொல்லுவேன்? அது பழுக்கும்போது உலைகிட்ட நின்னது நானா?"

மரியபுஷ்பம் கத்தியைப் பார்த்தாள். உத்திரத்தைப் பார்த்தாள். விடிந்தால் சந்தை. வெறுங்கையோடு போனால் பிலோமி ஒரு வருஷத்துக்குப் பாடித் தீர்ப்பாள். இதைக் கொண்டுபோனால், ஒவ்வொரு வெட்டுக்கும் உள்ளே உப்பா, உப்பா என்று கை கேட்டுக்கொண்டே இருக்கும்.

"நின்னது நான்தான்" என்றாள். "செவ்வரளி நிறம் வந்ததும் எடுத்தேன். ஒரு மூச்சுகூடக் கூடுதலா விடல. எண்ணெயில நேரா இறக்கினேன்."

சொல்லிக்கொண்டே வைஸில் வைத்து இறுக்கினாள்.

முதல் அடிக்குக் கத்தி வளைந்து நிமிர்ந்தது. இரண்டாவதுக்கும் அப்படியே. மூன்றாவதுக்கு முனகியது. நான்காவதில்தான் ஒடிந்தது.

குரு குனிவதற்குள் அவளே பாய்ந்து எடுத்தாள். ஒடிந்த வாயில் மினுக்கமே இல்லை. சலித்தெடுத்த சாம்பல்போல, ஒரே நெருக்கம், ஒரே நிறம்.

"பாத்தியா! நான் சொன்னேன்ல!" என்று சிரித்தாள். பட்டறையே அதிரச் சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது.

"அய்யோ மாதாவே, நல்ல கத்தியப் போட்டு உடைச்சிட்டேனே! நாளைக்கு எதத் தம்பி எடுத்துட்டுப் போவேன்?"

கொம்பையா அந்தச் சாம்பல் நிறப் பாதியைப் பதினோராவது ஆணியில் மாட்டினார். உப்புக்கல்லைப் பழைய இரும்போடு வீசினார். மூலையில் கத்தி அடிக்கவென்று கிடந்த தேய்ந்த அரம் ஒன்றை எடுத்து அவள் முன்னால் பட்டடை இரும்பின்மேல் வைத்தார்.

"உலை இன்னும் ஆறலக்கா" என்றார்.