கரடி முதுகில் ஒரு சுரைக்குடுக்கை

ஆறு ஒன்று வளைந்து ஓடும் காட்டில், நீச்சல் தெரியாத கரடி ஒன்று வாழ்ந்தது. குட்டிக் கரடி என்று நினைத்துவிடாதீர்கள் பிள்ளைகளே. நன்றாக வளர்ந்து, மோவாயில் நரைகூடத் தட்டிவிட்ட கரடி.

மழைக்காலம் வந்தால் ஆறு கரைபுரண்டு ஓடும். மற்ற விலங்குகள் நீந்தி அக்கரை மேட்டுக்குப் போய்விடும். கரடி மட்டும் கரையோர மருதமரத்தின் உச்சியில் ஏறி, வெள்ளம் வடியும்வரை நனைந்துகொண்டு பட்டினி கிடக்கும். யாராவது கேட்டால், உயரத்தில்தான் நல்ல காற்று வருகிறது என்று சொல்லிச் சமாளிக்கும்.

போன மழையில் அந்த மரத்தின் வேரைப் பாதிக்குமேல் வெள்ளம் அரித்துவிட்டது. இன்னொரு வெள்ளத்தை அது தாங்காது. கரடிக்குத் தூக்கமே போய்விட்டது.

ஆற்றில் பொறுமைசாலியான நீர்நாய் ஒன்று இருந்தது. கரடி தயங்கித் தயங்கி அதனிடம் போய்த் தன் கஷ்டத்தைச் சொன்னது. நான் நீச்சல் கற்றுத் தருகிறேன் என்றது நீர்நாய்.

"இந்த வயசுல நான் தண்ணியில காலை உதைச்சுக்கிட்டுக் கிடந்தா, காடே சிரிக்குமே தம்பி."

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும் அண்ணே. வெள்ளம் வந்தா அவங்களா உங்களைத் தூக்கிட்டுப் போகப்போறாங்க?"

நீர்நாய் ஒரு காய்ந்த சுரைக்குடுக்கையைக் கொண்டுவந்து, கரடியின் முதுகில் கொடியால் கட்டிவிட்டது. உள்ளே வெறும் காற்றுதான், அது உங்களை மிதக்க வைக்கும் என்றது.

முதல் நாள் கரடியின் மூக்கில் தண்ணீர் ஏறியது. இருமியது, அலறியது, பயத்தில் நீர்நாயின் வாலையே பிடித்து இழுத்துவிட்டது. வாயாடிக் குரங்கு ஒன்று கிளையில் உட்கார்ந்து கேலி பேசியது. கரடி காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது, கால்களும் பழகின. குடுக்கையை மட்டும் அது தூங்கும்போதுகூட அவிழ்ப்பதில்லை.

மழை வந்தது. ஆறு பொங்கியது. கரடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே மருதமரம் வேரோடு சாய்ந்தது. இனி ஏறி உட்கார மரமும் இல்லை. கரடி முதுகுக் கொடியை இறுக்கிக்கொண்டு ஆற்றில் இறங்கியது. நீர்நாய் பக்கத்திலேயே நீந்தி வந்தது.

பாதி ஆறு கடந்தபோது, அக்கரை மரத்திலிருந்து குரங்கு கத்தியது.

"கரடியாரே, உங்க குடுக்கையில ஓட்டை. உள்ளே பூராவும் தண்ணி!"

அதுவரை அழகாக நீந்தி வந்த கரடியின் கால்கள் அப்படியே விறைத்துப்போயின. உடம்பு கீழே இறங்கியது. வாய்க்குள் தண்ணீர் புகுந்தது. அவ்வளவுதான், செத்தோம் என்று நினைத்தது கரடி.

நீர்நாய் அதன் காதருகே வந்து நிதானமாகச் சொன்னது.

"அண்ணே, நீங்க தூங்கும்போது அதை எலி கடிச்சு ஓட்டை போட்டு ரொம்ப நாளாச்சு. அன்னையிலிருந்து நீங்க ஒரு குடுக்கைத் தண்ணியைச் சுமந்துக்கிட்டுத்தான் நீந்துறீங்க."

கரடி திகைத்தது. அப்படியானால் இத்தனை நாளும் என்னை மிதக்க வைத்தது யார்? அதை யோசிக்கும்போதே கால்கள் பழக்கத்தில் உதைக்கத் தொடங்கின. தலை மேலே வந்தது. மார்பின் குறுக்கே இருந்த கொடியைக் கரடி நகத்தால் அறுத்தது. குடுக்கை வெள்ளத்தோடு போயிற்று. முதுகு லேசானது. கரடி நேரே கரையைப் பார்த்து நீந்தியது.

அக்கரை மணலில் விழுந்து கரடி விம்மி விம்மி அழுதது. அவ்வளவு நிம்மதி அதற்கு.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே தம்பி?"

"சொல்லியிருந்தா ஆத்துல காலே வச்சிருக்க மாட்டீங்க அண்ணே."

கரடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மைதானே.

வெள்ளம் வடிந்து வெயில் அடித்த நாளில், மற்ற விலங்குகள் எல்லாம் கரையில் குளிர் காய்ந்துகொண்டிருந்தன. கரடி மட்டும் யாரும் கூப்பிடாமலே ஆற்றில் இறங்கி, தொப்பை மேலே தெரிய மல்லாந்து மிதந்தது.

நீதி: முயன்று கற்றதை நம்புகிறவரைப் பயம் மூழ்கடிக்காது.