எண் இல்லாத சுட்டி

சவரியப்பனுக்கு ஒரு குரு வாய்த்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. குருவுக்கு முப்பத்துமூன்று.

குருவின் பெயர் ஜெய்த்தூன். வேடசந்தூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். அங்கே உட்கார்ந்தபடியே ‘தினம் பத்து’ என்று ஓர் இணையக் குழுவையும் நடத்திவந்தாள். இரண்டாயிரம் பேர் இருப்பார்கள். படித்ததில், பார்த்ததில் பிடித்துப்போனவற்றின் சுட்டிகளை, அதாவது லிங்க்குகளை, நாள் முழுக்க அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். ஆந்தைக்கு எப்படிக் காது கேட்கிறது, எண்பது வயதில் நீச்சல் பழகியவர், பனிக்கட்டிக்கு அடியில் ஓர் ஏரி, இப்படி. அதில் பத்தைப் பொறுக்கி, ஒன்று முதல் பத்துவரை எண் போட்டு, மாலை ஐந்து மணிக்கு வெளியிடுவாள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், எத்தனை தடவை தட்டப்பட்டது என்ற கணக்கு அன்றன்றைக்குப் பூஜ்யத்திலிருந்து ஏறும்.

சவரியப்பன் நூற்பாலையில் இரவுக் காவல். விடிந்து வீட்டுக்கு வந்தாலும் தூக்கம் பிடிக்காது. ஒரு சுட்டியைத் திறந்தால் அது பாதியில் நிற்கும்போதே கை அடுத்ததற்குப் போய்விடும். காலை முழுக்க நூறு ஊர் சுற்றிவிட்டு, சற்றுக் கண்ணயர்ந்து மதியம் எழுந்தால் ஓர் ஊரும் நினைவில் இருக்காது. பட்டியல் போடுகிற ஆளாக ஆகிவிட்டால் இந்த அலைச்சல் அடங்கும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. மூன்று மாதமாகக் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். குழுவில் எல்லோரும் கூப்பிடுவதுபோல அவரும் “டீச்சர்” என்றார்.

“டீச்சர், நல்ல சுட்டின்னா எது?”

“இன்னிக்கு எத்தனை பார்த்தீங்கண்ணே?”

“எழுபது இருக்கும்.”

“அதுல ஒண்ணு சொல்லுங்க.”

சவரியப்பன் மோட்டுவளையைப் பார்த்தார்.

“சரி, டீ சொல்லுங்க” என்றாள் ஜெய்த்தூன்.

ஒரு திங்கட்கிழமை அவள் கடையைப் பூட்டினாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், திண்டுக்கல்லில் ஐந்து நாள் இருக்க வேண்டும்.

“பட்டியல நீங்க போடுங்கண்ணே. நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்.”

சவரியப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்குப் பத்தையும் தேர்ந்தெடுத்து முடித்தபோது, பட்டியலின் அடியில் வழக்கமாக வரும் இன்னொரு வரி கண்ணில் பட்டது. பத்துக்குக் கீழே, வரிசை எண் இல்லாமல், இரண்டு வருடமாக வருகிற ஒரே சுட்டி. ‘காணவில்லை. கதிரப்பன், வயது 29, மாநிறம், இடது காதில் தழும்பு. அனுப்புபவர் அக்கா அங்கம்மாள், ஒட்டன்சத்திரம்.’

மற்ற சுட்டிகளை ஒரு நாளில் முந்நூறு, நானூறு தடவை தட்டுவார்கள். இதற்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒன்றுதான்.

குழுவின் விதிகளில் முதல் விதி, ஒரு தடவை போட்ட சுட்டி மறுபடி வரக் கூடாது என்பது. சவரியப்பன் அந்த வரியை எடுத்துவிட்டார். ஐந்து நாளும் அங்கம்மாள் அனுப்பினாள். ஐந்து நாளும் ஒதுக்கினார். இரண்டாயிரம் பேரில் ஒருவர்கூட எங்கே அது என்று கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைப் பட்டியலுக்குப் பாராட்டு வேறு வந்தது. அதைப் படித்த கையோடு அடுத்த நாளுக்குத் தேட ஆரம்பித்தார். அலைச்சல் அடங்கின மாதிரித் தெரியவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு அவர் கடைக்குப் போனபோது, ஊரிலிருந்து திரும்பியிருந்த ஜெய்த்தூனின் மேசைக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கிறவள் போலும். சேலை முழுக்கச் சருகு.

“பாப்பா, என்னையக் குழுவுல இருந்து தள்ளிட்டீகளா?”

ஜெய்த்தூன் போனில் ஐந்து நாள் பட்டியலையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு சவரியப்பனைப் பார்த்தாள்.

“அங்கம்மாளா? நான்தாம்மா எடுத்தேன்” என்றார் அவர். “எல்லாரும் பார்த்தாச்சு. தினமும் தட்டுறது ஒரே ஒரு ஆளு. அதுவும் நீங்களாத்தான் இருக்கும்.”

“நான் தொடவே மாட்டேனே ஐயா. நான் தொட்டா கணக்குக் கலங்கிரும்ல?”

“அப்ப யாரு?”

அங்கம்மாள் சிரித்தாள். இதுகூடத் தெரியாமல் இத்தனை வயசா என்பதுபோல.

“வேற யாரு? அவன்தான். சாயங்காலம் ஏழு மணிக்குள்ள தட்டிருவான். ஞாயித்துக்கிழமைன்னா பத்து மணியாயிரும். ஏதோ ஓட்டல்ல வேலையா இருக்கணும், அன்னிக்குக் கூட்டம் இருக்கும்ல. போன ஐப்பசியில ரெண்டு நாள் ஒண்ணுமே இல்ல. காச்சலு போலன்னு நெனச்சு எனக்கு இங்க சோறு எறங்கல. மூணாம் நாள் வந்துட்டான். தீவாளிக்கு மூணு! ஒரே நாள்ல மூணு தடவ. பாப்பாவே பார்த்துச்சே.”

“ஏதாவது மெஷினா இருக்கும்மா. அதுபாட்டுக்குத் தட்டிட்டுப் போகும்.”

“இருக்கலாம்” என்றாள் ஜெய்த்தூன்.

“மெஷினுக்கு எதுக்குய்யா தீவாளி?” என்றாள் அங்கம்மாள்.

அவளே மேலே பேசினாள்.

“வாசல்ல நிக்க வச்சு நாந்தான் கண்டபடி வஞ்சேன். தெருவே பார்த்துச்சு. செருப்பக்கூட மாட்டாமப் போனான். அக்கா இன்னும் தேடுறாளான்னுதானே தினமும் வந்து பார்க்கான். அஞ்சு நாளும் வந்து பார்த்திருப்பான். சரி, அக்காவே எடுத்துட்டாளாக்கும்னு...”



சவரியப்பன் ஸ்டூலிலிருந்து எழுந்தார். வெளியே போய்விட்டு உள்ளே வந்தார். மறுபடி வெளியே போனார்.

“விதி நீங்க எழுதினதுதானே டீச்சர்?”

“நான் எழுதினதுதான். அது எண் போட்ட பத்துக்கு. அதனாலதான் இதுக்கு எண் போடல.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“ஒரு வார்த்தை நீங்களும் கேட்டிருக்கலாம்” என்றாள் ஜெய்த்தூன். குரலில் கோபம் இல்லை. “இன்னிக்குப் பட்டியல் யாருது?”

“என்னுது.”

“மணி அஞ்சாகப் போகுது. போடுங்க.”

போட்டார். பத்து. அதன் கீழே, எண் இல்லாமல், கதிரப்பன்.

மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். யாரோ ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தார்கள், போனார்கள். முதல் சுட்டி நாற்பது ஆனது, தொண்ணூறு ஆனது, இருநூறைத் தொட்டது. கடைசி வரியில் பூஜ்யம். ஆறு மணி. பூஜ்யம். ஏழு மணி. பூஜ்யம். அங்கம்மாள் போனை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். அவ்வப்போது கையை விலக்கிப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். ஏழரைக்கு அவளுக்குப் பேருந்து.

ஏழு இருபதுக்குச் சவரியப்பன் மேசைக்குப் பின்னால் நகர்ந்தார். தன் போனைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அந்த வரிக்குக் கட்டைவிரலைக் கொண்டுபோனார். திரையின்மேல் ஜெய்த்தூனின் கை வந்து உட்கார்ந்தது.

“ஒண்ணுன்னு காட்டினா அந்தம்மா நிம்மதியா பஸ் ஏறும் டீச்சர்” என்றார், கிசுகிசுவென்று.

“ஏறும்.”

“அப்புறம் என்ன?”

“அப்புறம் நாளைக்கும் நீங்கதான் தட்டணும். அவனே வந்து தட்டினாலும் இனிமே யாருக்கும் தெரியாது.”

சவரியப்பன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

அங்கம்மாள் எழுந்து சேலையை உதறினாள். பேருந்து ஹாரன் அடித்தது.

“நாளைக்கும் போடுவீகளா ஐயா?”

தலையை ஆட்டினார். அவளுக்கு அது போதவில்லை, நின்றாள்.

“போடுவேன்மா.”

அவள் ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். பேருந்து நிலையத்தை விட்டு வண்டி திரும்புகிற வரைக்கும் சவரியப்பன் வாசலிலேயே நின்றார். அவருக்கும் மில்லுக்கு நேரமாகிவிட்டது. போகக் கால் வரவில்லை.

“நான் எடுத்த அஞ்சு நாள்ல அவன் மனசு விட்டுப் போயிருந்தான்னா டீச்சர்?”

“நாளைக்குப் போடுங்க.”

“இனிமே வரவே இல்லன்னா?”

“நாளைக்குப் போடுங்க.”

“சரி, வந்துட்டான்னே வச்சுக்குவோம். நாளைக்கே ஒண்ணுன்னு காட்டிருச்சு. அந்தம்மாவும் பார்த்து சந்தோஷப்பட்டிருச்சு. அதுக்கப்புறம்?”

ஜெய்த்தூன் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தாள்.

“அப்பவும் போடுங்கண்ணே. தட்டினவன் இன்னும் வீட்டுக்கு வரலையே.”