சாருக்குக் கிடைத்த வினைச்சொல்

எங்கள் ஆங்கிலத் துறையில் ஆறு வருடமாகத் தற்காலிக உதவியாளராக இருக்கும் வடிவுக்கரசி அக்காவின் பணி நிரந்தரக் கடிதம், ஒரே ஒரு கையெழுத்து இல்லாமல் கிடந்தது. காரணம், வந்த விருந்தினரிடம் அக்கா "ஐ புட் டீ" என்று சொல்லிவிட்டாராம். டீ போடுகிறவர் வேறு எப்படிச் சொல்வார் என்று நான் கேட்டதற்கு, துறைத் தலைவர் மெய்கண்டன் சார் என்னை வெளியே போகச் சொன்னார்.

நல்ல மனிதர்தான். அக்காவின் மகளுக்குப் புத்தகமெல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆனால் ஆங்கில வினைச்சொல் என்று வந்துவிட்டால் அவருக்குக் கண் மண் தெரியாது.

எல்லா ஆசிரியர்களையும் உட்காரவைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டார். "இந்தத் துறையில ஒரு நாள் நடக்கிறதை ஆங்கிலத்துல சொல்லும்மா. ஒரு வினைச்சொல்கூடப் பிசகக் கூடாது. அப்பதான் கையெழுத்து."

எந்தப் பெயர்ச்சொல்லோடு எந்த வினைச்சொல் சேரும் என்று வருடாவருடம் அவர் கரும்பலகை நிறைய எழுதுவார். அதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் அக்கா அழிப்பார். இது சாருக்குத் தெரியாது.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தார். "ஐ டூ த க்ளீனிங். சார் ஹேஸ் பிரேக்ஃபாஸ்ட். ஐ மேக் டீ. சார் ஹேஸ் டீ. ஐ டூ த டிஷஸ். சார் ஹேஸ் லஞ்ச். ஐ டேக் த ஃபைல்ஸ் டு த ஆபீஸ். சார் ஹேஸ் எ நேப்."

ஆசிரியர்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"தப்பே இல்லம்மா. ஆனா என் கதை மட்டும் சாப்பிடறது, குடிக்கிறது, தூங்கறதுன்னு 'ஹேஸ்'லயே போகுதே?"

"நீங்க அந்தக் கையெழுத்தைப் போடுங்க சார், அடுத்த வரியில உங்களுக்கு வேற வினைச்சொல் தர்றேன்."