முதல் பிஸ்டனுக்குச் சந்தனம்

கோவை கணபதியில் எஞ்சின் பூட்டும் பட்டறை வைத்திருந்தாள் லோகநாயகி. அவளிடம் தொழில் கற்க வந்தவர் சென்னியப்பன். லாரி ஓட்டி அலுத்த மனிதர். குருவைவிட மூத்த சீடர். அவள் அவரை அண்ணா என்பாள், அவர் அவளை வாத்தியாரம்மா என்பார்.

எந்த எஞ்சினையும் வாயாலேயே ஓட்டிக் காட்டுவார். டீசல் பம்புசெட்டுக்கு 'டுக்கு டுக்கு' என்று தொப்பை குலுங்கும். நாலு சிலிண்டருக்குக் கன்னம் மட்டும் நடுங்கும். ஆறு சிலிண்டர் என்றால் வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்பார். அவ்வளவுதான்.

ஒருநாள், ஓடிக்கொண்டிருந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் மேல் டீயை வைத்துவிட்டுக் கேட்டார்.

"உள்ள ஆறு பேரு இந்தப் பாய்ச்சல் பாயறானுங்க. மேல வெச்ச டீ அலுங்கலை. யாருங்க புடிச்சு நிறுத்தறது?"

லோகநாயகி வரிசையாக ஆறு சிலிண்டர் கொண்ட பழைய கார் எஞ்சின் ஒன்றைக் காட்டினாள். இதை நீங்களே பூட்டுங்கள், டீ அலுங்காமல் ஓடினால் அடுத்ததை நீங்கள் பூட்டும்போது பக்கத்தில் நின்று பார்க்க மாட்டேன் என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சென்னியப்பன் இந்த வயதில் ஸ்பானர் பிடித்திருந்தார்.

ஆறு பிஸ்டன்களையும் தராசில் வைத்து ஒரே எடைக்குக் கொண்டுவந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். முதல் பிஸ்டனைக் கையில் எடுத்ததும் மனசு கேட்கவில்லை. லாரிக்கு மாலை போட்டால் முகப்பில்தானே போடுகிறோம்? முதல் ஆள் முதல் ஆள்தான். அதன் உள்பக்கத்துச் சொரசொரப்பை அரைத்து அரைத்து நகை மாதிரி ஆக்கி, சந்தனப் பொட்டும் வைத்து இறக்கினார்.

லோகநாயகி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

எஞ்சின் ஓடியது. முன்பக்கம் மாடு மாதிரி தலையாட்டியது. டீ பாதி வெளியே.

"என்னமோ இடிக்குதுங்க."

"ஆமாங்ணா."

சென்னியப்பன் பிஸ்டன்களை ஏற்றி இறக்கும் தண்டை வெகுநேரம் சுழற்றிப் பார்த்தார். ஒன்றும் ஆறும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின. ரெண்டும் அஞ்சும் அப்படியே, மூணும் நாலும் அப்படியே. அட, முதல் ஆளை இளைக்க வைத்துவிட்டு அவன் ஜோடியைத் தடியனாகவே விட்டுவிட்டோமே! எல்லாவற்றையும் பிரித்து ஆறாவதையும் அதே அளவு அரைத்தார்.

தலையாட்டல் நின்றது. ஆனால் இப்போது எஞ்சின் மொத்தமாகக் குதித்தது.

"ஜோடி சரியாயிருச்சு. இன்னும் எதுக்குங்க குதிக்குது?"

லோகநாயகி ஒரு இரும்பு வளையத்தில் மூன்று கயிறு கட்டினாள். ஒன்றை மேசையில் முடிந்தாள், ஒன்றைத் தான் பிடித்தாள், ஒன்றை அவரிடம் கொடுத்தாள். மூன்று திசையிலும் இழுக்க, வளையம் நடுவில் அசையாமல் நின்றது.

"கொஞ்சம் லேசா புடிங்ணா."

அவர் கையைத் தளர்த்தினார். வளையம் அவரை விட்டு விலகிப் போனது.

சென்னியப்பன் வளையத்தையே பார்த்தார். மூன்று கயிறு. தண்டில் மூன்று திசை பார்த்து மூன்று ஜோடி; ஒன்று இளைத்தால் மற்ற ரெண்டும் இழுத்துவிடும். அரைத்ததை ஒட்டவைக்க முடியாது. உட்கார்ந்து மிச்சம் நாலையும் முதல் பிஸ்டனின் எடைக்கு இளைக்க வைத்தார். கைவிரல் வீங்கிப்போனது.

இந்த முறை எஞ்சின் 'ம்ம்ம்' என்றது. ஆக்சிலேட்டரைக் கூட்டியும் டீயின் மேலிருந்த ஆடை கிழியவில்லை. எஞ்சின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உள்ளே ஒருத்தரும் நிற்கவில்லை. ஆறு பேரும் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

லோகநாயகி அடுத்த எஞ்சினை அவர் முன்னால் தள்ளிவிட்டு, சொன்னபடியே வாசலுக்கு நடந்தாள்.

சென்னியப்பன் அதன் பிஸ்டன்களை எடை பார்த்து வரிசையாக அடுக்கினார். பழக்கதோஷம், கை சந்தனக் கிண்ணத்துக்குப் போயிற்று. முதல் பிஸ்டனுக்கு மேலே விரல் நின்றது.

"வாத்தியாரம்மா, பொட்டு மட்டும் வெச்சுக்கட்டுங்களா?"

அவள் திரும்பவில்லை.

"சந்தனத்துக்கும் எடை இருக்குதுங்ணா."