இருபது பானைகள்

“பொய் சொல்றாங்க மேடம்” என்றார் சீடர்.

சீடருக்கு வயது நாற்பத்தொன்பது. குருவுக்கு நாற்பத்தொன்று. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்த மருத்துவக் கல்லூரியில் கிடையாது.

டாக்டர் செம்புலிங்கம் இருபது வருஷம் ஊசி போட்டுவிட்டு ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர். பேராசிரியர் ஜெசிந்தா அவருக்கு வழிகாட்டி. அந்த அம்மாள் அதிகம் பேசமாட்டார்.

“யாரு?”

“உப்பளத்துப் பொம்பளைங்கதான்.”

வெயிலில் உப்புச் சுமக்கிற பெண்களின் உடம்பு என்ன பாடுபடுகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. காலையில் எடை பார்ப்பார், மத்தியானம் பார்ப்பார். நடுவில் இரண்டு கிலோ காணாமல் போயிருக்கும். காதில் கருவியை வைத்தால் முப்பத்தொன்பது டிகிரி காட்டும்.

போன வாரம் பேச்சித்தாய் என்ற பெண் தலைச்சுமையோடு விழுந்துவிட்டாள். உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் வரைக்கும் அடி. இரண்டு நாள் அவள் கட்டிலருகிலேயே உட்கார்ந்திருந்தார் செம்புலிங்கம். இன்னொரு தடவை விழுந்தால் அவள் எழுந்திருக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் சொல்லியாயிற்று. நேற்று அவள் மறுபடி வேலைக்கு வந்துவிட்டாள்.

“எட்டு மண்பானை வாங்கி வச்சேன் மேடம். வெட்டிவேர்கூடப் போட்டேன். மத்தியானம் போய்ப் பார்த்தா அப்படியே தளும்புது. ஏன் குடிக்கலைன்னு படிவத்துல கேட்டா, முப்பத்திரண்டு பேரும் ஒரே பதில். தாகமில்லையாம்!”

“சரி.”

“சோதனைக்கு மூத்திரம் கேட்டா, வீட்டுலேருந்தே டப்பாவுல கொண்டு வர்றாங்க. அளத்துல வச்சுக் கேட்டா சிரிக்கிறாங்க.”

ஒரு தாளை நீட்டினார். இன்னும் இருபது பானை வாங்க அனுமதி கேட்டிருந்தார்.

குரு படித்தார். கையெழுத்துப் போடவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு அளத்துக்கு வாங்க சார்.”

*

ஆறு மணிக்கு ஜீப்பிலிருந்து இறங்கிய குரு, இரண்டு பெரிய தண்ணீர் பாட்டில்களை நீட்டினார்.

“இதைக் குடிச்சிருங்க.”

“ரெண்டையுமா?”

“ரெண்டையும்.”

குடித்தார். குருவின் சொல் ஆயிற்றே.

“வேலை முடியிற வரைக்கும் இந்தப் பொம்பளைங்க வரிசையோடவே நடங்க. பத்தடிக்கு மேல விலகக்கூடாது.”

“என்ன அளக்கணும் மேடம்?”

குரு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

*

பாத்தியிலிருந்து உப்பை அள்ளித் தலையில் வைத்து, கரையில் குவிக்க வேண்டும். போக நூறு அடி, வர நூறு அடி. பெண்கள் நடந்தார்கள். டாக்டரும் கூடவே நடந்தார்.

ஏழு மணிக்குக் காற்று நன்றாக இருந்தது.

எட்டு மணிக்கு அவருக்கு லேசாக ஒரு நினைப்பு வந்தது. தள்ளிப்போட்டார்.

ஒன்பது மணிக்கு அந்த நினைப்பைத் தவிர வேறு நினைப்பில்லை. அவர் சர்க்கரை வியாதிக்காரர் வேறு.

சுற்றிப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று உப்பு. கண்ணுக்கெட்டின தூரம்வரை ஒரு மரமில்லை, செடியில்லை, மறைப்புக்கு ஒரு ஓலைத் தட்டிகூட இல்லை. கிழக்கே கடல். அதற்கு முன்னால் கரையில் ஒரு லாரி, அதன் மேல் சுமை ஏற்றுகிற ஆண்கள், குடைக்குக் கீழே கங்காணி. இந்தப் பக்கம் முப்பத்திரண்டு பெண்கள்.

பத்து அடி.

ஆராய்ச்சியில் விதியை மீறிப் பழக்கமில்லாத மனுஷன். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

பத்து மணிக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. சட்டை தெப்பமாக நனைந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. பேச்சித்தாய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுமையை இறக்கினாள். அவர் வாங்கி வைத்த பானையிலிருந்தே ஒரு டம்ளர் மொண்டு வந்தாள்.

“குடிங்க சார். மொகமே சரியில்ல.”

டம்ளரைப் பார்த்ததும் அவர் இரண்டடி பின்னால் போனார்.

“வேண்டாம்மா. தாகமில்ல.”

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

பேச்சித்தாய் அவரை உற்றுப் பார்த்தாள். அவர் நின்ற நிலையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இத்தனை நாள் அவரிடம் வாயைத் திறக்காதவள், சிரிக்கவில்லை. பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

பிறகு திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“ஏட்டீ! சாரு ஒதுங்கணுமாம். எல்லாரும் கடலப் பாருங்க!”

முப்பத்திரண்டு பெண்களும் தலைச்சுமையோடு கிழக்கே திரும்பி நின்றார்கள். ஒருத்திகூடக் களுக்கென்று சிரிக்கவில்லை.

*

அவர் திரும்பி வந்து கையைக் கழுவினார். கண்ணில் தண்ணீர் நின்றது. வியர்வை என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அது வியர்வை இல்லை.

பேச்சித்தாய் அதே டம்ளரை நீட்டினாள்.

“இப்பக் குடிங்க.”

பாதி குடித்தார். பானையில் மொண்டு நிரப்பி அவளிடம் நீட்டினார்.

“நீ குடிம்மா.”

அவள் வாங்கவில்லை. கரையைப் பார்த்தாள்.

அவரும் பார்த்தார். லாரி மேல் எட்டுப் பேர். குடைக்குக் கீழே ஒருவர். அவர்களில் ஒருவர்கூடக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

“எத்தனை வருஷமா?” என்று கேட்டார்.

“வயசுக்கு வந்ததுலேருந்து சார்.”



ஜீப் வந்து நின்றது. குரு இறங்கி, மடித்த தாளையும் பேனாவையும் நீட்டினார்.

“எத்தனை பானை சார்?”

செம்புலிங்கம் இருபது பானையை அடித்தார். கீழே எழுதினார்: நாலு சுவர். ஒரு கதவு. தாழ்ப்பாள் உள்பக்கம்.

குரு கையெழுத்துப் போட்டார்.

“கட்டி முடிக்க ஒரு மாசம் ஆகுமே. அதுவரைக்கும்?”

செம்புலிங்கம் பேச்சித்தாயைப் பார்த்தார். டம்ளரை அவள் கையில் வைத்துவிட்டுக் கரையை நோக்கி நடந்தார். பத்தடி தாண்டியது. நூறடி தாண்டியது. லாரிக்கு முன்னால் போய் நின்றார்.

“ஐயா, எல்லாரும் கொஞ்சம் கடலப் பாருங்க!”

அவர்கள் ஒன்றும் புரியாமல் டாக்டரைப் பார்த்தார்கள். அவர் முகத்தைப் பார்த்த கங்காணி முதலில் திரும்பினார். பிறகு ஒவ்வொருவராக, லாரிக்கு அந்தப் பக்கம் தெரிந்த கடலைப் பார்த்துத் திரும்பினார்கள்.

கடைசியாக அவரும் திரும்பி நின்றார்.

முதுகுக்குப் பின்னால், பானையில் டம்ளர் முங்குகிற சத்தம் கேட்டது.