கருகின கடுகு

மலையடிவாரத்து மடத்தில் பூண்டுக்கு இடமில்லை. பூண்டு ஆசையைக் கிளப்பும் என்று யாரோ எப்போதோ வைத்த விதி.

அப்பேர்ப்பட்ட மடத்துக்குச் சமையற்காரராக வந்து வாய்த்தவரோ பேச்சிமுத்து! பாதி ஆயுசு சரக்குக் கப்பலில் கரண்டி பிடித்தவர். மனைவி போய்ச் சேர்ந்தபின், போதுமடா சாமி என்று இங்கே வந்து, மடத்துத் தலைவி உலகம்மையிடம் சீடரானார். வயதில் அவர்தான் மூத்தவர். அதனால் குருவே சீடரை ‘அண்ணாச்சி’ என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு நாள் காலை அவர் குழம்புக்குத் தாளிக்கும்போது உலகம்மை அடுக்களைக்குள் வந்தாள்.

“தாயே, எனக்கு எப்போ காவி தரப்போறீங்க? எல்லாத்தையும் விட்டாச்சு” என்றார் பேச்சிமுத்து.

“எல்லாத்தையுமா?”

“ஆமா தாயே. என் மக பொன்னுத்தாய்க்குப் பிள்ளை பிறந்திருக்காம். நேத்து பால்காரர் வந்து சொன்னார். அவளுக்குப் பால் சரியாச் சுரக்கலையாம். ‘அம்மாதான் இல்லை, அப்பாவாவது வந்து பூண்டுக் குழம்பு வச்சுத் தரட்டும்’னு சொல்லிவிட்டிருக்கா. நான் அசையலையே!”

சொல்லிவிட்டுச் சட்டியில் எண்ணெயை ஊற்றினார்.

எண்ணெய் காய்ந்தது. கடுகைப் போட்டார், வெடித்தது. கறிவேப்பிலையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“கடுகு வெடிச்சாச்சு அண்ணாச்சி. எதுக்குச் சும்மா நிக்கிறீங்க?”

திடுக்கிட்டுக் கறிவேப்பிலையைப் போட்டார். அதற்குள் கடுகு கருகிவிட்டது.

“தினமும் இதே கூத்துதான். நீங்க வந்த நாளா கருகின கடுகைத்தான் தின்னுக்கிட்டிருக்கோம். கேட்டா கோவிச்சுக்குவீங்களோன்னு விட்டுட்டேன். எதுக்கு நிக்கிறீங்க?”

“பூண்டு சிவக்கணுமே, அதுக்கு…”

“எந்தப் பூண்டு?”

பேச்சிமுத்து சட்டியைப் பார்த்தார். அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

“கைப்பழக்கம் தாயே. கப்பல்ல சீனாக்காரனுக்கு இஞ்சியோட வதக்கணும். இத்தாலிக்காரனுக்கு வெறும் எண்ணெயில போடணும். லெபனான்காரன் உப்பு வச்சு வெண்ணெயாட்டம் அரைக்கச் சொல்லுவான். பிலிப்பைன்ஸ்காரனுக்குப் பழைய சோத்தையே பூண்டு போட்டுத்தான் வறுக்கணும். சாமி வேற, பாஷை வேற. ஆனா பூண்டு சிவக்கிற வாசம் வந்தா அத்தனை பேரும் அடுப்படியை எட்டிப் பார்ப்பானுங்க. அவனவனுக்கு அவனவன் வீட்டு ஞாபகம்.”

“உங்களுக்கு?”

“என் பொண்டாட்டி ஞாபகம். பொன்னுத்தாய் பிறந்தப்ப நான் நடுக்கடல்ல இருந்தேன். ஊர் உலகத்துக்கெல்லாம் உரிச்சுப் போட்ட கை தாயே இது. பிள்ளை பெத்துக் கிடந்தவளுக்கு ஒரு பல் உரிச்சுக் கொடுக்கலையே!”

அடக்கமாட்டாமல் அழுதார். உலகம்மை தடுக்கவில்லை. அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள். அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

“அப்போ எனக்குக் காவி?” என்றார் பேச்சிமுத்து.

“அது எங்கேயும் ஓடிப்போகாது. அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்புங்க. இல்லாத பூண்டுக்காக இங்கே நின்னது போதும் அண்ணாச்சி. அங்கே போய், சிவக்கிற வரைக்கும் நில்லுங்க.”