மயில் பிடியும் கிழங்குப் பிடியும்

கொன்றைக்கோட்டை ராஜா விஜயமழவராயருக்கு மீசை பெரிது, கோபம் பெரிது, உள்ளங்கை அதைவிடப் பெரிது. ஆசை ஆசையாகப் பட்டணத்திலிருந்து அவர் வரவழைத்த ரிவால்வர் மட்டும் ரொம்பச் சின்னது. அதன் பிடியில் அவருடைய இரண்டு விரல்தான் உட்கார்ந்தது. மற்றவை இடமில்லாமல் அந்தரத்தில் தொங்கின.

தொங்கினால் என்ன என்று கேட்பீர்கள். அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. விஜயதசமி தர்பாரில் கட்டியக்காரர் ராஜாவின் அறுபத்துநாலு பட்டங்களையும் உரக்கச் சொல்லி முடிக்கும்வரை, ராஜா ஆயுதத்தை வலது கையில் உயர்த்திப் பிடித்தபடி நிற்க வேண்டும். நடுவில் இறக்கினால் அபசகுனம். தாத்தா காலத்தில் வாள் பிடித்தார்கள். இவருக்கோ ரிவால்வர்தான் வேண்டும். போன வருஷம், "எதிரிகள் நடுங்கும் இரும்புக் கரத்தார்!" என்று கட்டியக்காரர் முழங்கிய அந்த நொடியில், வியர்த்த கையிலிருந்து அது வழுக்கிப் பொத்தென்று விழுந்தது. சபை முழுவதும் அவசர அவசரமாகக் கூரையைப் பார்த்தது.

"வேறு பிடி போடுங்கள்!" என்று உத்தரவு பிறந்தது.

ஆயுதசாலைக் கொல்லர் பேச்சிமுத்து ஆசாரி ஒரு தேன்மெழுகு உருண்டையை நீட்டினார். "ஒரு தரம் இறுக்கிப் பிடிச்சுக் குடுங்க, மகாராஜா." அதில் பதிந்த பள்ளம் மேடு அத்தனையையும் புளியங்கட்டையில் அப்படியே செதுக்கி, விஜயதசமிக்கு முந்தின நாள் காலையில் சபைக்குக் கொண்டுவந்தார்.

ராணியின் தம்பி துரைச்சிங்கம் கெக்கலித்துச் சிரித்தார். "அத்தான், இது பிடியா, இல்லை பன்றி கடித்துப்போட்ட கிழங்கா?" என்றபடி ஒரு பட்டுத்துணியைப் பிரித்தார். உள்ளே தங்கத்தில் ஒரு பிடி. தோகை விரித்த மயில், மாணிக்கக் கண், கூரான மூக்கு. சபை 'ஆஹா' என்றது.

ராஜாவின் முகம் சிவந்தது. "என் கைக்குக் கிழங்கா? அம்பலவாணரே, எது நல்ல பிடி? நீர் தீர்ப்புச் சொல்லும். கிழங்கு தோற்றால் ஆசாரி இன்றே ஆயுதசாலையை விட்டுப் போக வேண்டும்."

அம்பலவாணர் சபை விகடர், பேச்சால் பிழைக்கிறவர். அன்று அவரே இக்கட்டில் மாட்டிக்கொண்டார். மயிலைக் குறை சொன்னால் ராணி வீட்டுப் பகை. கிழங்கைக் குறை சொன்னால் இருபது வருஷம் உழைத்த மனுஷன் நடுத்தெருவில் நிற்பார். ஆசாரி துண்டின் முனையைத் திருகிக்கொண்டே நின்றார்.

"மகாராஜா, நான் துப்பாக்கி பிடித்தவன் இல்லை, வெற்றிலைப்பெட்டி பிடித்தவன்" என்றார் மெல்ல. "கட்டியக்காரரைக் கூப்பிடுங்கள். இரண்டு பிடிக்கும் ஒவ்வொரு முறை கட்டியம் சொல்லிப் பார்த்துவிடுவோம். அதற்கு முன்னால் குண்டுகளை எடுத்துவிடச் சொல்லுங்கள். தீர்ப்புச் சொல்ல நான் உயிரோடு இருக்க வேண்டாமா?"

ராஜாவின் மீசைக்கு அடியில் லேசாகச் சிரிப்பு எட்டிப்பார்த்தது. "ஆகட்டும்."

முதலில் மயில் ஏறியது. "எச்சரிக்கை! பராக்!" என்று தொடங்கினார் கட்டியக்காரர். ஆறாவது பட்டத்தில் மயில் மூக்கு உள்ளங்கையைக் குத்தியது. பத்தாவதில் தோகை விரலிடுக்கை அறுத்தது. பதினைந்தாவதில் ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு, "சீக்கிரம் சொல்லித் தொலையும் ஐயா!" என்றார். கட்டியக்காரர் பழக்கதோஷத்தில் அதையும் ஒரு பட்டமாக நினைத்து உரக்க முழங்கிவிட்டார். இருபதாவதில் மயில் பறந்தது. நேரே துரைச்சிங்கத்தின் கால் பெருவிரலில் போய் இறங்கியது.

"ஐயோ அம்மா!"

ஆசாரி திருகாணியைக் கழற்றிக் கிழங்கை மாட்டிக் கொடுத்தார். ராஜா வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினார். ஒவ்வொரு விரலும் தன் தன் பள்ளத்தில் போய்ச் சுகமாகப் படுத்துக்கொண்டது. அறுபத்துநாலு பட்டமும் முடிந்தது. ராஜா சிம்மாசனத்தில் சாய்ந்தார், வெற்றிலை எடுக்கக் கையை நீட்டினார். தட்டில் துப்பாக்கி முனை 'ணங்' என்று இடித்தது.

"அட! இது இன்னும் கையிலேயா இருக்கிறது?"

"கையில் இருப்பதே மறந்துபோயிற்று. தீர்ப்பை மகாராஜாவின் கையே சொல்லிவிட்டது" என்றார் அம்பலவாணர்.

துரைச்சிங்கம் விடுவாரா? பெருவிரலைத் தேய்த்துக்கொண்டே, "அதெல்லாம் சரி. நாளைக்கு ஊரே கூடிப் பார்க்கும். அத்தான் கையில் இந்த அசிங்கமா? என் மயிலின் அழகென்ன!" என்றார்.

ராஜா தயங்கினார். அதுவும் நியாயமாகத்தானே படுகிறது? ஆசாரியின் முகம் மறுபடி வாடியது.

"அழகில் மயிலை அடித்துக்கொள்ள ஆளில்லை" என்று ஒப்புக்கொண்டார் அம்பலவாணர். துரைச்சிங்கம் நெஞ்சை நிமிர்த்தினார். "மகாராஜா, கிழங்கை இன்னொரு முறை உயர்த்திப் பிடியுங்கள். சின்னவரே, கொஞ்சம் கிட்டே வாருங்கள். கிழங்கு எங்கே தெரிகிறது, காட்டுங்கள்."

துரைச்சிங்கம் இந்தப் பக்கம் குனிந்தார், அந்தப் பக்கம் எக்கினார். கண்ணில் பட்டதெல்லாம் ராஜாவின் தடித்த விரல்களும் மோதிரங்களும்தான்.

"தெரியவில்லை" என்று முனகினார்.

"மயிலும் இப்படித்தான் கைக்குள் ஒளிந்துகொள்ளும். அதன் அழகை ஊர் பார்க்க வேண்டுமானால், மகாராஜா எல்லோர் முன்னாலும் ஆயுதத்தைக் கீழே போட வேண்டும்." அம்பலவாணர் குரலைத் தாழ்த்தினார். "சின்னவர் அதற்குத்தானா இவ்வளவு ஆசைப்படுகிறார்?"

துரைச்சிங்கத்துக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. ராஜா சிம்மாசனம் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து ஆசாரிக்குப் போர்த்தி, "ஆயுசு முழுக்க ஆயுதசாலை உம்முடையதுதான்" என்றார். ஆசாரி சால்வையில் முகம் புதைத்து அழுதே விட்டார்.

அத்தனை சிரிப்பையும் கைதட்டலையும் மீறி ஒரு குரல் எல்லோருக்கும் முந்திக்கொண்டு கேட்டது. துரைச்சிங்கத்தின் குரல்தான்.

"கிழங்கு வாழ்க!"